தரை மல்லிகையைத் தொட்டிக்கு மாற்றுவது: கவாத்தும் பெயர்ப்பும்

சுவரோரம் பல வருஷமாகப் பூத்துக்கொண்டிருக்கும் குண்டு மல்லியை மாடித் தொட்டிக்கு மாற்ற முடியுமா என்றால், தாராளமாக முடியும். வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், பக்கத்து மனையில் மாடி எழும்பி வெயில் மறைந்துவிட்டது, செடி நிற்கும் இடத்தில் குழாய் போடத் தோண்ட வேண்டும் என்று காரணம் ஏதாவது இருக்கும். மாற்றிய செடி செத்துப்போனால் பழி பெரும்பாலும் தோண்டிய ஆள் மேல் விழும். ஆனால் தோண்டும்போது மேலே கிளைகளை வெட்ட மனசு வராமல் விட்டதுதான் பல வீடுகளில் உண்மையான காரணம்.

எவ்வளவு பக்குவமாகப் பெயர்த்தாலும் தண்ணீர் உறிஞ்சும் நுனி வேர்களில் பாதிக்கு மேல் மண்ணிலேயே தங்கிவிடும். மேலே இலைகள் பழைய கணக்குக்கே தண்ணீர் கேட்கும். மிச்சமிருக்கும் வேரால் அதைத் தர முடியாது. நாலு நாளில் செடி தொங்கிப்போகும். உடனே நாம் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றுவோம், இருக்கிற வேரும் அழுகும். கவாத்தும் (கிளைகளை வெட்டிக் குறைப்பது) பெயர்ப்பும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே போனதற்கு ஈடாக மேலேயும் போக வேண்டும்.

வெட்டினால் பூ போய்விடுமே என்ற கவலை மல்லிகைக்குத் தேவையில்லை. மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். மதுரை, இராமநாதபுரம் பக்கத்து விவசாயிகள் வருஷா வருஷம் வயலையே மொட்டையடிப்பது அதற்காகத்தான்.

எந்த மாதம்

குண்டு மல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம். குளிரில் செடி ஓய்ந்திருக்கும். பெரிய பூப்பு மார்ச்சில்தான் ஆரம்பிக்கும். இடையில் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கிறது. பிச்சிக்கு (ஜாதிமல்லி என்பதும் இதுதான்) டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். பெயர்ப்பையும் இந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் நவம்பர் கடைசியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். சேறாக இருக்கும் மண்ணில் தோண்டினால் தாய்மண் (வேரைச் சுற்றி இருக்கும் பழைய மண் உருண்டை) வேரோடு ஒட்டி வராது, களியாக வழிந்துவிடும். மழை விட்டு நாலைந்து நாள் காயட்டும். மார்கழி முழுக்க நேரம் இருக்கிறது, அவசரமில்லை. குண்டு மல்லிக்குக் கடைசி வரம்பு பொங்கல். அதற்கு மேல் வெயில் ஏற ஏற ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பு குறையும். ஏப்ரல், மே மாதங்களில் மாற்றியே ஆக வேண்டிய நிலை என்றால் செடியை நம்பாதீர்கள், பதியனை (கிளையை மண்ணில் புதைத்து வேர்விடவைத்து எடுக்கும் புதுச்செடியை) நம்புங்கள்.

பதியனை எப்படியும் போட்டு வையுங்கள். ஆடி, ஆவணியில் தரையோரம் தாழ்ந்து கிடக்கும் முற்றிய கிளை ஒன்றை எடுத்து, ஒரு கணுவின் அடிப்பக்கம் இரண்டு அங்குல நீளத்துக்குச் சாய்வாகக் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகுங்கள். அந்த இடத்தை நாலு அங்குல ஆழத்தில் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே தெரிய வேண்டும். மூன்று நாலு மாதத்தில் வேர்விடும். தாய்ச்செடி போனாலும் அதே பூ வீட்டில் இருக்கும். அடித்தண்டு மணிக்கட்டு அளவு பருத்துவிட்ட கிழட்டுச் செடிக்குப் பதியன் ஒன்றுதான் புத்திசாலித்தனமான வழி. அதைப் பெயர்த்து 16 அங்குலத் தொட்டியில் அடக்குவது வீண் பாடு.

மூன்று வாரம் முன்பே வேரை வெட்டுவது

பெயர்க்கும் நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தண்டை மையமாக வைத்து 12 அங்குல விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதாவது தண்டிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 6 அங்குலம். அந்தக் கோட்டின் மேல் கூர்மையான மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி, வட்டத்தில் பாதியை மட்டும் 10 அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். பத்து நாள் கழித்து மறுபாதி. வெட்டுப்பட்ட வேர்கள் வட்டத்துக்கு உள்ளேயே புதுச் சல்லிவேர் விடும். செடி தொட்டிக்குப் போகும்போது அந்தச் சல்லிவேர்தான் அதைத் தூக்கி நிறுத்தும்.

முதல் பாதி வெட்டும் நாளிலேயே காய்ந்த குச்சி, மெலிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முழுக் கவாத்தை இப்போதே செய்துவிடக் கூடாது. செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் தளிர் கிளம்பிவிடும். பெயர்க்கும் நேரத்தில் இளந்தளிர் இருந்தால் முதலில் வாடுவது அதுதான்.

அவசரம், மூன்று வாரம் கிடையாது என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். அப்போது மேலே இன்னும் கடுமையாக வெட்ட வேண்டியிருக்கும்.

தொட்டி, எடை, மண்

12 அங்குலத் தாய்மண்ணுக்குக் குறைந்தது 16 அங்குலத் தொட்டி வேண்டும். சுற்றிலும் இரண்டு அங்குலம் புது மண் இருந்தால்தான் வேர் வெளியே வர இடம் கிடைக்கும். அதற்காக ஒரேயடியாக 24 அங்குலத்துக்குப் போகாதீர்கள். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் நின்று புளித்துவிடும். மண் தொட்டி சிறந்தது, ஆனால் கனம். குரோ பேக் வாங்குவதானால் வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். கறுப்புப் பை மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும்.

நனைந்த மண்ணோடு 16 அங்குலத் தொட்டி ஐம்பது அறுபது கிலோ இருக்கும். 18 அங்குலம் அகலமும் உயரமும் உள்ள பை 80 கிலோவைத் தாண்டும். ஒன்றிரண்டு தொட்டிகளால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வரிசையாக வைப்பவர்கள் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, பீம் ஓடும் இடத்தின் மேல் வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் கொடுங்கள். தண்ணீர் தேங்காது, தளத்தில் ஓதம் இறங்காது, அடித் துளை வழியாக வேர் தட்டோட்டு இடுக்கில் நுழையாது. தொட்டியை முதலில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு மண் நிரப்புங்கள். நிரப்பிய தொட்டியை மாடிக்குத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

அடியில் அரை அங்குல அளவில் நாலைந்து துளை வேண்டும். ஒவ்வொரு துளை மேலும் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி பரப்பும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் நன்மை இல்லை. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் பெருங்கல்லுக்குச் சட்டென்று இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈரம் தங்கி நிற்கும். அதாவது ஈரம் தேங்கும் மட்டத்தை நாமே இரண்டு அங்குலம் உயர்த்தி வேருக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம்.

மண்கலவை: செம்மண் 2 சட்டி, நன்றாக மக்கிய தொழு உரம் 1 சட்டி, அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 1 சட்டி. கொத்தனார் பயன்படுத்தும் இரும்புச் சட்டிதான் அளவு. ஒரு தொட்டிக்கு இது தாராளம். இதோடு வேப்பம் புண்ணாக்குத் தூள் 150 கிராம், ட்ரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) 20 கிராம். செம்மண் களியாக இருந்தால் அரைச் சட்டி ஆற்றுமணலோ எம்-சாண்டோ கூட்டலாம். எம்-சாண்ட் என்றால் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அந்தத் தூசியே சிமெண்டு போல இறுகும்.

கோகோபீட் விஷயத்தில் கவனம் தேவை. 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும், ஒரு தொட்டிக்கு அதுவே போதும். ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும்; அதைப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். இரண்டு முறை போதும். தொழு உரம் பச்சைச் சாணமாக இருக்கவே கூடாது. சூடு ஒரு பக்கம், அதில் இருக்கும் வெள்ளைப் புழு இன்னொரு பக்கம். வெட்டுப்பட்ட வேர் இரண்டையும் தாங்காது. நடும் நாளில் டி.ஏ.பி., யூரியா போன்ற ரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

பெயர்க்கும் நாள்: முதலில் மேலே

முந்தின நாள் மாலை செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு, நாலு மணி வாக்கில் வேலையை ஆரம்பிக்கலாம். கத்தரியை ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ துடைத்துக்கொள்ளுங்கள். பென்சில் கனம் வரை கத்தரி, அதற்கு மேல் சிறு ரம்பம். கத்தரியால் பருத்த தண்டை நசுக்கினால் அந்த இடம் கறுத்துக் கீழே வரை காயும்.

தரையில் நிற்கும் செடிக்குச் சாதாரணக் கவாத்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் செய்வது. தொட்டிக்குப் போகும் செடிக்கு 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிதான். வேர் வட்டம் முன்கூட்டியே போடாத செடி என்றால் 20 சென்டிமீட்டருக்கே இறக்குங்கள். அடியிலிருந்து கிளம்பும் தண்டுகளில் வலுவாக, வெவ்வேறு திசையில் சாயும் நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மண் மட்டத்துக்கு எடுத்துவிடுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரோஜாவுக்குச் சொல்வதுபோல் சாய்த்து வெட்டுங்கள் என்று மல்லிகைக்கும் சொல்லிவிடுகிறார்கள். ரோஜாவில் கணுவுக்கு ஒரு தளிர் மொட்டுதான் என்பதால் சாய்வு சரி. மல்லிகையில் கணுவை உற்றுப் பார்த்தால் இலை எதிரெதிராக ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு இலைக் காம்பின் மடியிலும் கடுகு அளவில் ஒரு பச்சைப் புடைப்பு தெரியும். சாய்த்து வெட்டினால் ஒரு புடைப்பு வெட்டுக்கு ஒட்டினாற்போல் வந்து காய்ந்துவிடும். அதனால் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே நேர்க்கோட்டில் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கிளை வரும். அரை சென்டிமீட்டருக்கு மேல் குச்சியை விட்டாலும் அது காய்ந்து பூஞ்சைக்கு வாசலாகும். மிச்சமிருக்கும் இலைகளையும் காம்போடு கிள்ளிவிடுங்கள். மேல்நோக்கி இழுத்தால் புடைப்பும் கையோடு வந்துவிடும், அதனால் கத்தரியால் எடுப்பது நல்லது. விரல் கனத்துக்கு மேல் உள்ள வெட்டுகளுக்கு மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தோசை மாவுப் பதத்தில் குழைத்துத் தடவலாம்.

வெட்டிப்போட்ட கிளைகளை வீசிவிட வேண்டாம். பென்சில் கனத்தில் 6 அங்குலத் துண்டுகளாக, மூன்று நாலு கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு உள்ளே போகும்படி மணலும் கோகோபீட்டும் கலந்த தட்டில் குத்தி, மேலே பிளாஸ்டிக் கவரை மூடி நிழலில் வையுங்கள். குளிர் மாதத்தில் வேர்விடுவது மந்தம்தான். பத்துக் குச்சி வைத்தால் இரண்டு மூன்று பிழைக்கும்.

பிறகு கீழே

முன்பு போட்ட வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் அகலத்தில் பள்ளம் எடுங்கள். பள்ளம் 12 அங்குல ஆழம் வந்ததும் மண்வெட்டியைச் சாய்த்து அடிப்பக்கமாகச் செருகி நாலு திசையிலிருந்தும் அடிவேரை அறுங்கள். கடப்பாரையால் நெம்பாதீர்கள், நெம்பினால் தாய்மண் நடுவில் விரியும். ஆட்டிப் பார்த்தால் மொத்தமாக அசைய வேண்டும். அசையாவிட்டால் எங்கோ ஒரு வேர் பிடித்திருக்கிறது, தேடி ரம்பத்தால் அறுங்கள்.

இனி ஈரச் சாக்கு. ஒரு பக்கம் செடியைச் சாய்த்து, பாதி சுருட்டிய சாக்கை அடியில் தள்ளி, மறுபக்கம் சாய்த்துச் சுருளை விரித்து இழுங்கள். நாலு முனையையும் தண்டைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிவிட்டுச் சாக்கைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. தாய்மண் 25 முதல் 30 கிலோ இருக்கும். தண்டில் தொங்கினால் உள்ளே சல்லிவேர் எல்லாம் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மணற்பாங்கான மண்ணில் சாக்குக் கட்டினாலும் மண் உதிரத்தான் செய்யும். உதிர்ந்துவிட்டால் வேரை ஈரத்துணியில் சுற்றி அரை மணி நேரத்துக்குள் நட்டுவிடுங்கள்.

நடுவதற்கு முன் வேரை ஒருமுறை பாருங்கள். பிய்ந்த நுனிகளைக் கத்தரியால் சீராக நறுக்குங்கள். வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கொஞ்சம்தான் என்றால் அந்த வேர்களை வெட்டி எறிந்துவிட்டு வேப்பம் புண்ணாக்கை 250 கிராமாக்குங்கள், பிற்பாடு தொட்டியிலேயே ஒரு துலுக்கச் சாமந்தியையும் வையுங்கள். வேர் முழுக்க முடிச்சு என்றால் மண்ணைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெட்டிய குச்சிகளிலிருந்து புதுச்செடி எடுப்பதே மேல்.

தொட்டியின் அடியில் நாலு அங்குலத்துக்குக் கலவை போட்டு அழுத்தி, செடியை இறக்கி உயரம் பாருங்கள். தரையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டம் இங்கேயும் வர வேண்டும், தொட்டி விளிம்பு அதற்கு இரண்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும். தண்டைக் கூடுதலாகப் புதைத்தால் பட்டை அழுகும். சாக்கை உருவிவிட்டுச் சுற்றிலும் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு குச்சியால் குத்திக் குத்தி இறக்குங்கள். முஷ்டியால் இடிக்க வேண்டாம். பிறகு பூவாளியால் தண்ணீர் விடுங்கள், அடித்துளையில் வழியும் வரை. மண் இறங்கிய இடத்தில் மேலும் கலவை போட்டு மறுபடி ஒருமுறை.

முதல் ஆறு வாரம்

பத்துப் பதினைந்து நாள் வெளிச்சம் வரும் நிழல். மாடிப்படிக் கூரை ஓரமோ 50 சதவீதப் பச்சை நிழல்வலையோ போதும். அடுத்த வாரம் காலை வெயில், அதன்பின் முழு வெயில். மல்லிகைக்கு ஆறு மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் கொடி நீளும், பூ வராது.

இந்தக் காலத்தில் செடியைக் கொல்வது அன்புதான். இலையே இல்லாத செடிக்குத் தினமும் தண்ணீர் எதற்கு? விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மார்கழிக் குளிரில் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தரை மண் களியாகவும் தொட்டிக் கலவை பொலபொலப்பாகவும் இருந்தால் ஊற்றும் தண்ணீர் சுற்றுப்புறம் வழியாகவே ஓடிவிடும், நடுவில் தாய்மண் பாறையாகக் காய்ந்திருக்கும். ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தால் ஈரமாகவே தெரியும். தண்டின் பக்கத்திலும் பாருங்கள். காய்ந்திருந்தால் மெல்லிய கம்பியால் தாய்மண்ணில் ஆறேழு துளை குத்தி அங்கே மெதுவாக ஊற்றுங்கள்.

மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் துளிர்க்கவில்லையா? நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, எட்டு வாரம் வரை பொறுக்கலாம். நுனி பழுப்பாக, கீழே பச்சையாக இருந்தால் பச்சை ஆரம்பிக்கும் கணு வரை வெட்டி இறக்குங்கள். அடித்தண்டு கறுத்துப் பட்டை வழுவழுவென்று உரிந்து வந்தால் வேர் அழுகிவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. தளிர் வந்து நாலு நாளில் தானாகக் கருகினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை, தண்டில் இருந்த சேமிப்பில் வந்த தளிர் அது. நிழலுக்கே திருப்பி எடுத்துப்போங்கள்.

உரம் தளிரில் நாலு ஜோடி இலை முற்றிய பிறகுதான். மாதம் ஒரு கை மண்புழு உரம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஒரு லிட்டர் ஊற்றினால் போதும். தளிர் எட்டு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். நுனி எத்தனையோ அத்தனை மொட்டுக்கொத்து. இலை மட்டும் கரும்பச்சையாகச் செழித்துப் பூவைக் காணோம் என்றால் புண்ணாக்குத் தண்ணீரை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

முதல் கோடையில் கைப்பிடிப் பூ வந்தால் திருப்திப்படலாம். ஒரு பூப்பு முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு ஜோடி இலையோடு கத்தரித்துவிட்டால் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த மொட்டு வரும். கத்திரி வெயில் நாட்களில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர், மண் மேல் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நாரோ காய்ந்த சருகோ பரப்பல்.

மாடியில் வழக்கமாக வரும் தொல்லைகள்

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. உப்பேறிய போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது தவறாமல் வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள், மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும் வரை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் இதுவே தேவைப்படாது.

மொட்டு ஊதா நிறமாகி, உள்ளே குடைந்து ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து நசுக்கிவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 1 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர் என்ற கணக்கில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். இலையின் அடியில் நூலாம்படையும் மேலே மங்கிய புள்ளிகளும் செஞ்சிலந்தியின் வேலை. முதலில் தண்ணீரை இலையடியில் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதே நவம்பர் கடைசியில், கவாத்து செய்த கையோடு செடியைத் தொட்டியிலிருந்து சரித்து எடுத்து, சுற்றிலும் அடியிலும் ஓர் அங்குலம் வேரைக் கத்தியால் சீவிவிட்டுப் புதுக் கலவையில் அதே தொட்டியில் வைக்கலாம். தொட்டிச் செடிக்கு இந்தக் கட்டத்திலும் ஓர் அடி உயரக் கவாத்தே சரி.

பிச்சிக்கும் முல்லைக்கும் வேலை இதேதான், மாதம் மட்டும் வேறு. இரண்டும் படரும் என்பதால் நடும்போதே, வேர் பிடிப்பதற்கு முன், தொட்டி விளிம்பை ஒட்டி மூன்று மூங்கில் குச்சிகளை ஐந்தடி உயரத்துக்கு ஊன்றி உச்சியில் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு ஊன்றினால் குச்சி புதுவேரைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.